முகர்ந்து பார்க்கிற மாதிரி

செவ்வாய்க்கிழமை உறையூர்ச் சரக்கு வரும்.
திருத்துறைப்பூண்டி பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில்
படுத்து வந்த சாக்கை
செபஸ்தியான் கல்லாமேல் பிரிப்பார்.
ஒரு கட்டை எடுத்து மூக்கருகே வைத்து
கண்ணை மூடிக்கொள்வேன்.
நாலு எண்ணுவேன்.
பிறகு தலையாட்டுவேன்.

ரெண்டு வருஷமாக இது வெறும் நடிப்பு.
காய்ச்சலோடு போன வாசனை
திரும்பி வரவில்லை.
ஊசிப்போன சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்ட அன்று
வீட்டில் கண்டுபிடித்துவிட்டாள்.
கடையில் தெரியாது.
மூக்கில்லாதவனிடம்
சுருட்டு எவன் வாங்குவான்?

காது இருக்கிறது.
காதோரம் வைத்து உருட்டு.
சத்தமே இல்லையென்றால் ஐப்பசி ஈரம்,
பற்றவைத்துப் பற்றவைத்தே தீப்பெட்டி காலியாகும்.
சருகு மிதிபடுவதுபோல் நொறுங்கினால்
தொண்டையைச் சீவும்.
நடுவில் ஒன்று உண்டு,
கஞ்சி போட்ட வேட்டி
மடிப்புப் பிரிகிற சத்தம்.
அது.

விரல் இருக்கிறது.
நுனியிலிருந்து அடிவரை அமுக்கிக்கொண்டே போ.
கல் தட்டினால் நடுநரம்பை உருவவில்லை,
பொதுக்கென்றால் உள்ளே தூள்.
பிஞ்சுக் கத்தரிக்காய்போல் அமுங்கி நிமிர வேண்டும்.

கட்டுக்கு ஒன்றைக் கொளுத்தி வைப்பேன்.
வெள்ளைச் சாம்பல்
ஒரு விரற்கணு உதிராமல் நின்றால் பணம்.
கறுத்துச் செதில்செதிலாய் விழுந்தால்
செபஸ்தியானுக்கு டீ மட்டும்.
ஒருபக்கம் எரிந்து மறுபக்கம் நாக்கை நீட்டினால்
டீயும் இல்லை.

இப்படியே ரெண்டு தை தாண்டினேன்.

புரட்டாசியில், நடவு மும்முரத்தில்,
இருபது பேருக்குக் கூலி பேசுகிற தைலாம்பாள்
கெண்டைக்காலில் சேறு காயாமல் வந்து
நாலு சுருட்டைக் கல்லாவில் போட்டாள்.
"குடிச்சா டிராக்டர் பின்னாடி நடக்குற மாதிரி இருக்கு.
மோந்து பாத்துதான வாங்குன?"
"பாத்தேன்."
"இப்பப் பாரு."

கண்ணை மூடினேன்.
நாலு எண்ணினேன்.
தலையாட்டினேன்.
"நல்லாத்தான இருக்கு."

கண்ணைத் திறந்தால்
அவள் கையில் நெத்திலிக் கருவாடு.

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
பையைச் சுருட்டிக்கொண்டு,
"எங்க வீட்டாளுக்குக் காது போச்சு,
டிவிய ஊருக்கே வைக்கிறாரு.
உனக்கு மூக்கா?" என்றாள்.
அப்புறம் பேரம்:
"சாக்குக்கு ரெண்டு சுருட்டு. நான் மோந்து சொல்றேன்."
ஒன்று என்றேன். ரெண்டில் நின்றாள்.

(டீசல்தான் அது.
யாரோ மோட்டாருக்கு வாங்கிப்போன கேன்
சாக்கின்மேல் சாய்ந்து வந்திருக்கிறது.
காதுக்குக் கேட்கவில்லை,
விரலுக்குப் படவில்லை,
சாம்பலும் பால்வெள்ளை.)

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவள் வருகிறாள்.
கண்ணை மூடுவதில்லை.
பஸ் எப்போ என்று செபஸ்தியானைக் கேட்டுக்கொண்டே
ஒரே இழுப்பு.
"வெல்லத் தண்ணி அதிகம்."
"இது போன வருசத்து எல."
"இது சரி."

சரி என்றால் எப்படி இருக்கும் என்று
ஒருநாள் கேட்டேன்.
யோசித்தாள்.
"எருக்குழிமேல தூறல் விழுந்தா...
இல்ல, அது இல்ல.
சரின்னா சரிதான்" என்று
கூலிச் சுருட்டை முந்தியில் முடிந்துகொண்டாள்.

விடவில்லை நான்.
இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்,
இந்தக் கடை இப்போது
எப்படி மணக்கிறது?

நிமிர்ந்து மூக்கை விடைத்தாள்.
"பரண்ல எலி செத்துக் கெடக்கு.
நாலு நாள் இருக்கும்."

நாலு நாளில்
நூறு பேராவது வந்து போயிருப்பார்கள்.
ஒருத்தரும் சொல்லவில்லை.